டேங்க் ரொம்பியும் நிக்காத வாட்டர் பில்டர்: ராத்திரி பூரா சாக்கடைக்கு போகும் தண்ணீர்

சென்னை:

மொட்டை மாடி தொட்டி நிரம்பி வழிந்தால் தெருவே சத்தம் போடும். "யாருங்க அது, மோட்டாரை ஆப் பண்ணுங்க, தண்ணி கொட்டுது" என்று எதிர் வீட்டில் இருந்து குரல் வரும்.

ஆனால் சமையல் அறை சுவரில் மாட்டி இருக்கும் ஆர்.ஓ. வாட்டர் பில்டர் ராத்திரி முழுக்க தண்ணீரை சாக்கடைக்கு அனுப்பினாலும் கேட்க நாதி இல்லை. சத்தமே வராது. பென்சில் தடிமனில் ஒரு வெள்ளை டியூப் சிங்க் ஓட்டைக்குள் சொருகி இருக்கும். அதன் வழியாக தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். அந்த டியூபை யாரும் எட்டிப் பார்ப்பது இல்லை.

"பில்டர்லதான் ஆட்டோமேட்டிக் இருக்கே, டேங்க் ரொம்பினா தானா நின்னுடுமே" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில். வாங்கும்போது கடையில் அப்படித்தான் சொல்லி இருப்பார்கள். அது பொய் இல்லை. நிற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த எந்திரத்தில் நிற்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. ஒன்று நின்று, இன்னொன்று நிற்காமல் போனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

இரண்டு வாசல்

சாதாரண மெழுகுவர்த்தி பில்டரிலும், யு.வி. விளக்கு வைத்த பில்டரிலும் உள்ளே போகும் தண்ணீர் முழுவதும் நல்ல தண்ணீராக வெளியே வந்துவிடும். கழிவு என்று ஒன்று கிடையாது. அதனால் டேங்க் நிரம்பியதும் வாயை அடைத்தால் வேலை முடிந்தது.

ஆர்.ஓ. அப்படி இல்லை. அதில் உள்ள மெம்பரேன் என்ற சவ்வுச் சுருளுக்குள் போகும் தண்ணீருக்கு இரண்டு வாசல். ஒரு வாசலில் உப்பு நீங்கிய தண்ணீர் டேங்குக்கு வரும். இன்னொரு வாசலில் உப்பை சுமந்துகொண்டு மீதி தண்ணீர் வெளியே போகும். வீட்டு எந்திரங்களில் 1 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 3 லிட்டர் வரை கழிவாக போவது சர்வசாதாரணம்.

இந்த கழிவு வாசலை மூடி வைக்க முடியாது. மூடினால் உப்பெல்லாம் சவ்விலேயே படிந்து மெம்பரேன் பாழாகிவிடும். அதனால்தான் அதில் எப்.ஆர். என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு சின்ன தடுப்பானை மட்டும் வைத்திருக்கிறார்கள். அது தண்ணீரை முழுசாக நிறுத்தாது. அளந்து விடும், அவ்வளவுதான். எந்திரத்துக்குள் தண்ணீர் வந்துகொண்டிருக்கும் வரை இந்த வாசல் திறந்தே இருக்கும்.

இதனால், டேங்க் நிரம்பியதும் டேங்கின் வாயை அடைப்பதால் பலன் இல்லை. எந்திரத்துக்குள் தண்ணீர் நுழையும் இடத்திலேயே அடைக்க வேண்டும். ‘ஆட்டோமேட்டிக்’ என்று சொல்லப்படுவதன் முழு வேலையும் இதுதான்.

மிதவையும், வால்வும்

நம் ஊர் வீடுகளில் மாட்டி இருக்கும் எந்திரங்களில் இந்த வேலையை இரண்டு பேர் பங்கு போட்டு செய்கிறார்கள்.

முதல் ஆள் ப்ளோட் சுவிட்ச். டேங்கின் உள்ளே மேல் பக்கத்தில் ஒரு தண்டில் ஏறி இறங்கும் வெள்ளை மிதவைதான் அது. மிதவைக்குள் காந்தம் இருக்கும். தண்டுக்குள் கண்ணுக்கு தெரியாத ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். தண்ணீர் ஏற ஏற மிதவையும் ஏறும். காந்தம் ஒரு இடத்துக்கு வந்ததும் சுவிட்ச் பிரிந்து கரண்ட் கட் ஆகும். பம்ப் நின்றுவிடும்.

இரண்டாவது ஆள் சோலனாய்டு வால்வு. மெக்கானிக்குகள் பாஷையில் ‘எஸ்.வி.’. இதுதான் வாசல் காவலாளி. கரண்ட் இருக்கும்போது உள்ளே உள்ள காந்தச்சுருள் வால்வை தூக்கிப் பிடிக்கும், தண்ணீர் உள்ளே போகும். கரண்ட் போனால் ஸ்பிரிங் அழுத்தி வாசலை அடைத்துவிடும். எந்திரத்தை ஆன் செய்யும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வருமே, அது இந்த வால்வு திறக்கும் சத்தம்தான்.

ஆக, டேங்க் நிரம்புகிறது, மிதவை ஏறுகிறது, கரண்ட் கட் ஆகிறது, பம்ப் நிற்கிறது, வால்வு அடைக்கிறது. ஐந்தும் நடந்தால்தான் கழிவு டியூபில் தண்ணீர் நிற்கும்.

தெரியும் கோளாறு, தெரியாத கோளாறு

மிதவை கெட்டுப்போனால் வீட்டுக்கே தெரிந்துவிடும். பம்ப் நிற்காமல் ஓடும். டேங்க் வழிந்து சமையல் மேடை நனையும். பிளக் கீழே இருந்தால் அதன் மேலும் சொட்டும். காலையில் காபி போட வந்தவர் சறுக்கி விழாத குறைதான். உடனே மெக்கானிக்குக்கு போன் போய்விடும்.

மிதவை கெட பெரிய காரணம் எதுவும் வேண்டாம். தண்டில் வெள்ளையாக உப்பு படிந்தாலோ, வழுவழுவென்று பாசி பிடித்தாலோ மிதவை பாதியில் சிக்கிக்கொள்ளும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. டேங்கை கழுவும்போது மிதவையை தண்டில் இருந்து கழற்றி, திரும்ப போடும்போது தலைகீழாக போட்டுவிட்டால் அதன் வேலையும் தலைகீழாகிவிடும். டேங்க் காலியாக இருக்கும்போது எந்திரம் நிற்கும், நிரம்பிய பிறகு ஓடும். "கழுவற வரைக்கும் நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு" என்ற புலம்பலுக்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். மிதவையை கழற்றி திருப்பிப் போட்டால் சரியாகிவிடும், புது பார்ட் தேவை இல்லை.

தெரியாத கோளாறுதான் ஆபத்து. அது வால்வு கோளாறு. டேங்க் நிரம்பிவிட்டது. பம்ப் சத்தமும் நின்றுவிட்டது. விளக்கும் அணைந்துவிட்டது. எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் வால்வின் வாயில் ஒரு மணல் துகள் மாட்டிக்கொண்டால் அது முழுசாக அடைக்காது. மொட்டை மாடி தொட்டியில் இருந்து வரும் தண்ணீர், பம்ப் இல்லாமலேயே அந்த இடுக்கு வழியாக புகுந்து நேராக கழிவு டியூபுக்கு போய்விடும்.

சில வீடுகளில் கூடவே டேங்குக்கும் சொட்டு சொட்டாக தண்ணீர் ஏறி விடியற்காலையில் வழியும். பம்ப் ஓடவில்லை, கரண்ட் இல்லை, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று குழம்புவார்கள். எஸ்.வி. மீதுதான் முதல் சந்தேகம் வர வேண்டும்.

லாரி தண்ணீரும், போர் தண்ணீரும் கலந்து வரும் சென்னையில் மண் துகளுக்கு பஞ்சம் இல்லை. எந்திரத்துக்கு வெளியே தனியாக மாட்டும் பஞ்சு பில்டர் இந்த துகளை பிடிக்கத்தான். அது செங்கல் கலருக்கு மாறிய பிறகும் மாற்றாமல் ஓட்டினால் வால்வு, பம்ப், மெம்பரேன் என்று வரிசையாக அடிவாங்கும். ஒரு சமயம், சர்வீஸ் செய்த பிறகு வால்வை திசை மாற்றி மாட்டி இருப்பார்கள். வால்வின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். தண்ணீர் போகும் திசையில் அது இருக்க வேண்டும். மாறினால் வால்வு சரியாக அடைக்காது.

பக்கெட் சோதனை

இதை கண்டுபிடிக்க மெக்கானிக் தேவை இல்லை. ஒரு பக்கெட் போதும்.

ராத்திரி டேங்க் நிரம்பி எந்திரம் நின்றதும், கழிவு டியூபை சிங்க்கில் இருந்து எடுத்து காலி பக்கெட்டில் விடுங்கள். அதற்கு பிறகு யாரும் பில்டரில் தண்ணீர் பிடிக்கக்கூடாது. காலையில் பக்கெட்டை பாருங்கள். டியூபில் மிச்சம் இருந்தது சொட்டி ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் பரவாயில்லை. பாதி பக்கெட் இருந்தால் உங்கள் எந்திரம் தூங்கவில்லை என்று அர்த்தம்.

யார் குற்றவாளி என்று பார்க்க அடுத்த வேலை, பிளக்கை பிடுங்குவது. பிளக்கை பிடுங்கியும் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் டியூபில் தண்ணீர் ஓடினால் எஸ்.வி. அடைக்கவில்லை. பிளக்கை பிடுங்கியதும் நின்றுவிட்டால் எஸ்.வி. நல்லவன்தான், ப்ளோட் சுவிட்சோ அதன் வயரோதான் சரி இல்லை. இவ்வளவு தெரிந்து வைத்துக்கொண்டு மெக்கானிக்கை கூப்பிட்டால், "மெம்பரேன் போயிடுச்சு, மாத்தணும்" என்று ஆரம்பிக்கும் பேச்சு கொஞ்சம் அடங்கும்.

ஒழுகும் வால்வை கழற்றி உள்ளே உள்ள ரப்பர் சவ்வை கழுவி மாட்டினாலே பல சமயம் சரியாகிவிடும். ரப்பர் கிழிந்திருந்தால் வால்வையே மாற்ற வேண்டியதுதான். புதிதாக வாங்கும்போது பழைய வால்வின் வோல்ட்டை பார்த்து வாங்க வேண்டும். வீட்டு எந்திரங்களில் அடாப்டரில் இருந்து 24 வோல்ட்தான் வரும்.

அவசரத்துக்கு ப்ளோட் சுவிட்ச் வயர் இரண்டையும் நேராக சேர்த்து முறுக்கி, "இப்போதைக்கு ஓட்டுங்க, நாளைக்கு வந்து மாத்தறேன்" என்று போவதும் நடக்கிற காரியம்தான். அப்படி செய்தால் எந்திரத்தை நிறுத்த ஆளே கிடையாது. அந்த ‘நாளைக்கு’ வரும் வரை டேங்க் நிரம்பியதும் கையால் சுவிட்சை அணைத்தே ஆக வேண்டும்.

ஒரு நிமிடம், ஒரு டம்ளர்

எவ்வளவு வீணாகிறது என்று கணக்கு போடுவதும் சுலபம். ஓடும் டியூபை ஒரு நிமிடம் டம்ளரில் பிடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 மில்லி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை டம்ளர்தான். பார்த்தால் ஒன்றுமே இல்லை.

ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். அரை டம்ளர் 144 லிட்டர் ஆகிறது. 30 நாளில் 4,320 லிட்டர். இரண்டு மாதத்தில் 8,640 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு 9 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி! ஒரே ஒரு வீட்டின் ஒரே ஒரு ஒழுகும் வால்வுக்கான கணக்கு இது. ஒரு அடுக்குமாடியில் நாலைந்து வீடுகளில் இப்படி இருந்தால், "போன வாரம்தானே லாரி போட்டோம், அதுக்குள்ள சம்ப் காலியா?" என்று சங்க கூட்டத்தில் சண்டை வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இதில் மாடிக்கு மாடி வித்தியாசமும் உண்டு. தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே குழாயில் சுமார் 14 பி.எஸ்.ஐ. அழுத்தம் கிடைக்கும். அதனால் அதே அளவு பழுதான வால்வு, மேல் மாடி வீட்டை விட தரைத்தள வீட்டில் அதிகமாக ஒழுகும். மேல் மாடிக்காரர் கவனிக்காமல் விட்டாலும் நஷ்டம் குறைவு. கீழ் வீட்டுக்காரர் கண்டிப்பாக பக்கெட் வைத்து பார்க்க வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு 2019-ம் ஆண்டு கோடை மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் குடிநீர் கொண்டு வர வேண்டிய நிலை வந்தது. அந்த ஆண்டு ஜூலை 12-ந் தேதி வில்லிவாக்கத்துக்கு வந்த முதல் ரெயிலில் 50 வேகன், ஒவ்வொன்றிலும் 50 ஆயிரம் லிட்டர். மொத்தம் 25 லட்சம் லிட்டர். நிமிடத்துக்கு 100 மில்லி ஒழுகும் வால்வு கணக்கில் பார்த்தால், அந்த முழு ரெயில் தண்ணீரையும் ஒரே நாளில் சாக்கடைக்கு அனுப்ப சுமார் 17 ஆயிரத்து 400 வீடுகள் போதும்.

பெரிய டிரம் வைப்பவர்கள் கவனத்துக்கு

மெஸ், ஹாஸ்டல், டீக்கடை போன்ற இடங்களில் எந்திரத்தோடு வரும் சின்ன டேங்க் போதாது. தனியாக 100 லிட்டர், 200 லிட்டர் டிரம் வைத்து அதில் ஆர்.ஓ. தண்ணீரை சேர்ப்பார்கள். இங்குதான் ஒரு பெரிய தப்பு நடக்கிறது.

டிரம் வழியக்கூடாது என்று, பிளஷ் டேங்கில் இருப்பது போன்ற ஒரு பால் வால்வை டிரம்மின் வாயில் மாட்டிவிடுகிறார்கள். டிரம் நிரம்பியதும் பந்து மேலே வந்து வாயை அடைத்துவிடும். ஒரு சொட்டு வழியாது. முதலாளிக்கு திருப்தி.

ஆனால் பம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நல்ல தண்ணீர் வாசல் அடைபட்டதால், உள்ளே வரும் அத்தனை தண்ணீரும் கழிவு வாசல் வழியாக போகும். முன்பு 4 லிட்டரில் 1 லிட்டராவது குடிக்க கிடைத்தது. இப்போது அந்த 1 லிட்டரும் இல்லை. எல்லாமே சாக்கடைக்கு. கரண்ட் பில் தனி. நல்ல தண்ணீர் டியூபில் அழுத்தம் ஏறி, டியூப் கழன்று அடிக்கும் அபாயமும் இருக்கிறது.

சரியான வழி, டிரம்மில் ஒரு ப்ளோட் சுவிட்ச் தொங்கவிட்டு, அதை எந்திரத்தின் 24 வோல்ட் லைனில் சேர்ப்பது. டிரம் நிரம்பினால் பம்ப்பும், எஸ்.வி.யும் ஒன்றாக நிற்கும். சம்ப் மோட்டாருக்கு போடுவது போன்ற ஒயரில் தொங்கும் மிதவை இதற்கு நல்லது. அது மேலே ஏறி ஒரு மட்டத்தில் நிறுத்தும், கொஞ்சம் கீழே இறங்கிய பிறகுதான் மறுபடி ஓட்டும். ஒவ்வொரு டம்ளர் எடுக்கும்போதும் பம்ப் எழுந்து எழுந்து உட்காராது. தண்ணீர் பக்கத்தில் 230 வோல்ட் லைனை கொண்டுவருவது மட்டும் வேண்டாம்.

பால் வால்வுதான் வேண்டும் என்றால் அதோடு நல்ல தண்ணீர் லைனில் ஹை பிரஷர் சுவிட்ச் ஒன்றும், மெம்பரேன் வாயில் செக் வால்வும் இருக்க வேண்டும். பந்து அடைத்ததும் டியூபில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தமே சுவிட்சை தள்ளி பம்ப்பை நிறுத்தும். செக் வால்வு அந்த அழுத்தம் பின்னால் போகாமல் பிடித்து வைக்கும்.

சிங்க்குக்கு அடியில் இரும்பு டேங்க்

சிங்க்குக்கு அடியில், கேஸ் சிலிண்டரின் தம்பி போல ஒரு டேங்க் வைத்த ரகமும் இருக்கிறது. வெளிநாடுகளில் இதுதான் அதிகம். இந்த டேங்குக்குள் ரப்பர் பையும், காற்றும் இருக்கும். காலியாக இருக்கும்போது காற்றின் அழுத்தம் 7 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். தண்ணீர் சேரச்சேர அழுத்தம் ஏறும்.

இதில் மிதவை கிடையாது. நாலு டியூப் மாட்டிய ஒரு சின்ன வால்வு காவல் இருக்கும். டேங்கின் அழுத்தம், உள்ளே வரும் தண்ணீரின் அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஏறியதும் அந்த வால்வு வரும் தண்ணீரை அடைத்துவிடும். வரும் தண்ணீர் 45 பி.எஸ்.ஐ. என்றால் டேங்க் 30-ஐ தொடும்போது நிற்கும். கரண்டே தேவை இல்லை. ஆனால் மொட்டை மாடி தொட்டியின் அழுத்தம் இதற்கு போதாது என்பதால் நம் ஊரில் இதற்கும் பம்ப் வைக்க வேண்டி இருக்கிறது.

பம்ப் இல்லாத எந்திரத்தில் கழிவு டியூப் நிற்காவிட்டால், டேங்கின் தலையில் உள்ள குழாயை மூடிவிட்டு சில நிமிடம் பார்க்க வேண்டும். ஓட்டம் நின்றால் வால்வு நன்றாக இருக்கிறது, டேங்கின் காற்றை பார்க்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டேங்க் குழாயை திறந்து, எந்திரத்துக்கு வரும் தண்ணீரை மூட வேண்டும். அப்படியும் டியூபில் தண்ணீர் வந்தால், டேங்கில் சேர்த்த நல்ல தண்ணீரே பின்பக்கமாக திரும்பி ஓடுகிறது, செக் வால்வு போய்விட்டது. நின்றுவிட்டால் நாலு டியூப் வால்வை மாற்ற வேண்டும்.

கழிவு தண்ணீர் என்ன ஆகும்?

எந்திரம் ஒழுங்காக நின்றாலும், ஓடும்போது போகும் கழிவு போகத்தான் செய்யும். அதை பக்கெட்டில் பிடித்து தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற பல வீடுகளில் பயன்படுத்துகிறார்கள். நல்ல பழக்கம். செடிக்கு தினமும் ஊற்றுவது சரி வராது, உப்பு அதிகம். பக்கெட்டில் பிடிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. டியூப் கண் முன்னால் இருப்பதால், நிற்காமல் ஓடினால் அன்றே தெரிந்துவிடும்.

உண்மையில் எல்லா தண்ணீருக்கும் ஆர்.ஓ. தேவையே இல்லை. குடிநீரில் கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்திய தர நிர்ணய அமைப்பின் அளவுகோல். அதற்கு குறைவாக உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. பயன்படுத்துவதை தடை செய்யும்படி 2019-ம் ஆண்டு மே மாதம் தேசிய பசுமை தீர்ப்பாயம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. ஆர்.ஓ. அனுமதிக்கும் இடங்களிலும் 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை நல்ல தண்ணீராக எடுக்க வேண்டும் என்றும் கூறியது. மெட்ரோ வாட்டர் மட்டும் வரும் வீட்டுக்காரர்கள் ஒரு டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு, ஆர்.ஓ. வேண்டுமா, யு.வி. போதுமா என்று முடிவு செய்யலாம்.

ஏற்கனவே ஆர்.ஓ. மாட்டியவர்களுக்கு ஒரு விஷயம். அடுத்த முறை சர்வீசுக்கு ஆள் வந்து, வேலை முடிந்து பில் எழுதும்போது, டேங்க் நிரம்பி எந்திரம் தானாக நிற்கும் வரை அவரை உட்கார வையுங்கள். ஒரு டீ போட்டுக் கொடுக்கலாம். எந்திரம் நின்ற பிறகு கழிவு டியூபை கையில் பிடித்து, ஐந்து நிமிடம் கழித்தும் சொட்டுகிறதா என்று அவர் கண் முன்னாலேயே பார்த்துவிட்டு காசை எண்ணிக் கொடுங்கள்.